வாழைநார் முடிச்சு

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
13.09.2025, சனிக்கிழமை

அன்புள்ள சரசு அம்மாவுக்கு,

தேவசேனா எழுதுகிறேன். உங்கள் சர்க்கரையும் முட்டிவலியும் கட்டுக்குள் இருக்கின்றனவா?

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவள் ஆர்த்திதான். இன்று முதல் அவள் தனியாக ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்கு வந்து, கடிதத்தைக் கொடுத்து, திங்கட்கிழமை காலை உங்கள் பதிலோடு திரும்ப வேண்டும். பயிற்சியில் இதுவும் ஒரு பாடம். நாம் போனில் பேசிக்கொண்டால் அவள் சுமந்து வரும் கடிதத்துக்கு மரியாதை இருக்காது. அதனால் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

பயிற்சி இல்லத்தில் நான்கு பெண்களும் அவர்களே சமைத்து, துவைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆர்த்தி ரசம் வைக்கிறாள். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வேலை பழகும் கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது மூலைக்கு மூலை சேராவிட்டால் விடமாட்டாள், பிரித்து மறுபடி மடிப்பாள். நவம்பர் ஒன்றாம் தேதி முதல் அவளை வேலைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மற்ற பெண்களோடு இங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

இதோடு சம்மதப் படிவம் வைத்திருக்கிறேன். அக்டோபர் பதினைந்துக்குள் உங்கள் கையெழுத்து வேண்டும்.

அன்புடன்,
தேவசேனா


அடி அண்ணாமலை
15.09.2025, திங்கள்

தேவசேனா டீச்சருக்கு சரசு வணக்கம் சொல்லி எழுதுவது.

கடிதம் வந்தது. ஆனால் எப்போது வந்தது என்று கேளுங்கள். மூன்று மணிக்கு அங்கே கிளம்பினாளாம். இருபது நிமிஷ வழி. என் பூக்கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். எங்கேடி இருந்தே என்று கேட்டால் சிரிக்கிறாள். இருபத்து மூன்று வயதுப் பெண், டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பெண், இரண்டு மணி நேரம் எங்கே இருந்தாள்? பாடம் நடத்துகிறீர்களே, இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லுங்கள்.

கையில் சூடு பட்ட தழும்பு வேறு. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று எழுத மட்டும் இடம் இருந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் அன்னதானம் போடுகிறவன்கூட பெரிய போர்டு வைத்துத் தன் பெயரை எழுதிக்கொள்கிறான். நீங்கள் குருக்கள் வீட்டுப் பெண், படித்தவர், ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓசியில் சோறும் இடமும் கொடுத்து வேலை கற்றுக்கொடுக்கிறீர்கள். எதற்காக?

கையெழுத்து இப்போது போடமாட்டேன். உறையை வாழைநாரால் கட்டி, பூச்சரம் முடிக்கும்போது நான் போடும் முடிச்சைப் போட்டிருக்கிறேன். அது என் கைமுடிச்சு, இந்தப் பக்கம் வேறு யாருக்கும் வராது. அப்படியே வந்ததா என்று எழுதுங்கள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அவளைப் பற்றிக் கவலையில்லை. மற்றவர்களைப் பற்றித்தான்.

சரசு


திருவண்ணாமலை
20.09.2025

அன்புள்ள சரசு அம்மாவுக்கு,

தழும்பைப் பற்றி எழுதாதது என் தப்பு. தோசைக்கல்லில் பட்டது. அவளே குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்று, அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்ததில் எனக்குப் பெருமை. ஆனால் பெற்ற உங்களுக்குத் தழும்புதான் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி நானும் ஒன்று கேட்க வேண்டும். திங்கட்கிழமை அவள் இங்கே வந்தபோது பதினொன்று ஆகிவிட்டது. பூக்கடையில் உட்கார வைத்துவிட்டுத் தாமதமாக அனுப்புகிறீர்களோ என்று நினைத்தேன். அப்படி இல்லையே?

உங்கள் உறை சாதாரண இரட்டை முடிச்சோடு வந்தது. அதுதான் உங்கள் முடிச்சா என்று எனக்குத் தெரியாது.

ஒளிக்காமல் சொல்கிறேன். ஆர்த்தி மெதுவான ரகம். மற்ற மூவரும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டதை அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆகிறது. படிப்பு வராது என்று நீங்கள் சேர்க்கும்போதே சொன்னதால் எல்லாவற்றுக்கும் படம் போட்ட அட்டைதான். ஆனால் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள்.

எதற்காகச் செய்கிறேன் என்று கேட்டீர்கள். எனக்குச் சம்பளம் உண்டு அம்மா. தியாகி இல்லை.

அன்புடன்,
தேவசேனா


அடி அண்ணாமலை
22.09.2025

தேவசேனா டீச்சருக்கு,

நான் அவளை எட்டரைக்கே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். நம்ம அன்பரசன் ஆட்டோ. அவனைக் கேட்டேன். "வருண லிங்கத்தாண்ட எறங்கிடுச்சுக்கா. இதான் எடம்னு சொல்லிச்சு" என்கிறான். நடுவழிக் கோயிலில் அவளுக்கு என்ன இடம்? யார் காத்திருக்கிறார்கள்? சனிக்கிழமையும் ஐந்து மணிக்குத்தான் வந்தாள்.

நான் இரட்டை முடிச்சு போடுகிறவளே இல்லை. யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் தெரிந்த முடிச்சைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் இல்லை என்றால் உங்கள் இல்லத்தில் யார்? என் பெண்ணை இறக்கி உட்காரவைத்து, என் எழுத்தைப் படித்துப் பார்க்கிறவன் எவன்? இரண்டு பேருமே நல்லவர்கள் என்றால் நடுவில் யாரோ கெட்டவன் இருக்கிறான்.

மெதுவான ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாதா? அவள் அப்பா போய் எட்டு வருஷம். அவள் அண்ணன் மணி ஓசூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான், அவன் வீட்டில் இவளுக்கு இடமில்லை என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னை விட்டால் இவளுக்கு ஆளில்லை. யாரிடமும் சொல்லாததை உங்களிடம் எழுதுகிறேன். தினமும் விளக்கேற்றும்போது அண்ணாமலையாரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எனக்கு ஒரு நாள் முன்னால் அவளை எடுத்துக்கொள். அதற்கு அடுத்த நாள் நான் நிம்மதியாக வருகிறேன். பெற்றவள் கேட்கிற வரமா இது? கேட்கிறேனே.

படித்ததும் இதைக் கிழித்துப் போடுங்கள்.

சரசு


திருவண்ணாமலை
27.09.2025

அன்புள்ள சரசு அம்மாவுக்கு,

கிழித்துவிட்டேன். என்ன ஆறுதல் எழுதுவது என்று தெரியாமல் ஐந்து நாள் ஓட்டினேன். எனக்கும் அழுகை வந்தது.

இந்த முறை உறையில் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. பூச்சரத்து முடிச்சு போலத்தான், ஆனால் தொளதொளவென்று இருந்தது. திங்கட்கிழமை ஆர்த்தி சாப்பிடவில்லை. ஒரே விரிப்பை இரண்டு தடவை துவைத்தாள். என்ன என்று கேட்டால் வயிற்று வலி என்றாள். இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு பெண் முதலில் தனியாக வெளியே போகும்போது, அவளுக்குத் தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே ஒருவர் போவோம். ஆர்த்தி தேறிவிட்டாள் என்று ஆகஸ்டில் நிறுத்திவிட்டேன். இன்றைக்கு மறுபடி அவள் பின்னால் வரப்போகிறேன். வருண லிங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று என் கண்ணால் பார்த்துவிடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
தேவசேனா


அடி அண்ணாமலை
29.09.2025

தேவசேனா டீச்சருக்கு,

பின்னால் வருவதாக எழுதினீர்கள். வந்தீர்களா? என் கடைவரை யாரும் வரவில்லை. ஆர்த்தி ஐந்தரைக்கு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. போன் செய்தேன், "அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் அம்மா, ஆபத்து ஒன்றுமில்லை" என்று வைத்துவிட்டீர்கள். இதற்கு என்ன அர்த்தம்?

சரி, அதை விடுங்கள். இந்த அட்டை என்ன? நோட்டு அட்டையைக் கிழித்து, ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் நிலா, கீழே கட்டம் கட்டமாக. காலையில் சர்க்கரை மாத்திரையை என் கையில் திணித்து, "போடும்மா. வாயத் தொற. நாக்கத் தூக்கு" என்கிறாள். நான் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கட்டத்தில் கோடு போடுகிறாள். ராத்திரிக்கும் அதே. எனக்கு எத்தனை வயது என்று நான்கு தடவை கேட்டாள்.

படம் போட்ட அட்டை உங்கள் வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் மாத்திரை போடுகிறேனா, எத்தனை நாள் இருப்பேன் என்று உங்கள் இல்லத்துக்கு எதற்குத் தெரிய வேண்டும்? கிரிவலப் பாதையில் இரண்டு சென்ட் மனை என் பெயரில் இருக்கிறது. அது என்ன விலை போகும் என்று எனக்கும் தெரியும். பூ கட்டுகிறவள்தானே என்று நினைக்க வேண்டாம்.

போதும் டீச்சர். சனிக்கிழமை அவள் துணிமணியைக் கட்டி அனுப்பிவிடுங்கள். இனி வரமாட்டாள். கையெழுத்தும் கிடையாது.

சரசு


திருவண்ணாமலை
04.10.2025

அன்புள்ள சரசு அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி துணிகளோடு அனுப்புகிறேன். அவளே மடித்துப் பையில் வைத்தாள். மூலைக்கு மூலை சேர்ந்திருக்கும். இதை முழுக்கப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

போன சனிக்கிழமை நான் பின்னால் வந்தேன். வருண லிங்கத்தில் இறங்கினாள். அங்கே அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள், பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தாள், பிரித்தாள். நான் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைக்கிறாள். உதடு அசைகிறது. முதல் பத்தி முடிய அரை மணி நேரம். எனக்குக் கால் மரத்துப்போனது. மூன்றாவது பத்தியில் திடீரென்று தலையைத் தூக்கி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்று கத்தினாள்: "டீச்சர்! எங்க நிக்கறீங்க? வாங்க, வெயிலு!"

பின்னால் வரப்போகிறேன் என்று நான் எழுதியிருந்த வரியை அப்போதுதான் அவள் விரல் தொட்டிருந்தது.

அம்மா, ஆர்த்திக்குப் படிக்கத் தெரியும். ஒரு கடிதத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். நம் உறையைப் பிரித்தவள் அவள். உங்கள் முடிச்சைப் போட்டுப் பார்த்தவளும் அவள். எப்படிக் கற்றாய் என்று கேட்டேன். "அம்மா கட எதுர்ல அன்னதான போர்டு இருக்கு. தெனம் படிப்பேன். பேரு மாறிச்சுன்னா அதயும் படிப்பேன்." ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கல" என்றாள்.

ஆமாம், நான் கேட்கவில்லை. ஐந்து மாதமாக அவளுக்குப் பூனை படம் காட்டிக்கொண்டிருந்தேன். மெதுவான ரகம் என்று நான் எழுதியதையும் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், மெதுவாதான்" என்றாள்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் உங்களிடம் போனில் மழுப்பினேன். ஆனால் திங்கட்கிழமை உங்கள் கடிதத்தையும் படித்துவிட்டு வந்து, "நீங்களே எழுதிடுங்க, எனக்கு எழுத வரல" என்றாள்.

மாத்திரை அட்டை எங்களுடையது இல்லை. அது எந்தக் கடிதத்துக்குப் பிறகு வந்தது என்று மட்டும் பாருங்கள்.

இதையும் அவள் படித்துவிட்டுத்தான் தருவாள். படிக்கட்டும்.

அன்புடன்,
தேவசேனா


அடி அண்ணாமலை
07.10.2025, செவ்வாய்

முதலில் பிரித்துப் படிக்கப்போகிற என் ஆர்த்திக்கு,

உன் அம்மா எழுதுவது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை நாள் உன்னைப் பற்றித்தான் எழுதினேன், உனக்கு எழுதவில்லை. எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். அவசரமில்லாமல் படி.

சனிக்கிழமை டீச்சர் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது நீ பார்த்தாய். அம்மா அப்படி ஒரு வரம் கேட்டு எழுதியது தப்பு. உன்மேல் ஆசை இல்லாமல் எழுதவில்லை, பயத்தில் எழுதினேன். எதற்கடி அட்டை போட்டாய் என்று கேட்டதற்கு நீ சொன்னாயே, "நீ மாத்தர போடு. நீயும் போவாத, நானும் போவல"னு. அதைக் கேட்டபின் எனக்கு வேறு வரம் கேட்க வாய் வரவில்லை. நேற்று பௌர்ணமிக்கு நீ கடையைப் பார்த்துக்கொண்டபோது நான் எங்கே போனேன் என்று தேடினாயே, ஆதி அண்ணாமலையார் கோயிலுக்குத்தான். கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ இங்கே இல்லாத நாளிலும் கட்டத்தில் கோடு நானே போடுவேன். சனிக்கிழமை வந்து சரிபார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். எழுத வரவில்லை என்றாயாமே, டீச்சரிடம் கற்றுக்கொண்டு அதில் உன் பெயரை எழுது. வேலைக்குப் போகிறவள் நீ.

இனி டீச்சருக்கு: உங்கள்மேல் இருந்த சந்தேகம் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு ஒரு நாள் சொல்லாமல் வந்து அந்த கெஸ்ட் ஹவுஸைப் பார்ப்பேன். ஆர்த்தி இதைப் படித்துவிட்டு உங்களிடம் சொல்லிவிடுவாள், தெரிந்துதான் எழுதுகிறேன். மனை விஷயம் எழுதியதை மறந்துவிடுங்கள். பூனை படத்தையும் தூக்கிப் போடுங்கள்.

ஆர்த்தி, உறைக்கு நார் கட்டவில்லை. பையில் தனியாக ஒரு கண்டு வைத்திருக்கிறேன். முடிச்சு ஏன் தொளதொளவென்று வருகிறது தெரியுமா, இரண்டாம் சுற்றில் கட்டைவிரலை நீ சீக்கிரம் எடுத்துவிடுகிறாய். பெஞ்சில் உட்கார்ந்து போட்டுப் பார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வா. மூன்றரைக்கே வந்து நின்றால்தான் இனிமேல் எனக்குச் சந்தேகம் வரும்.

உன் அம்மா,
சரசு