சிவப்புப் பொட்டுப் படகு

9 நவம்பர் 1997, ஞாயிறு

ஆறு தடவை டயல் பண்ணி ஏழாவது தடவைதான் இன்டர்நெட் லைன் கிடைச்சுது. கேப் டவுன்ல இருந்து நேத்தே கிளம்பிட்டாங்க! போட்டியோட ரெண்டாவது கட்டம், அவங்க பாஷையில ரெண்டாவது லெக். அடுத்து நிக்கப்போற துறைமுகம் ஆஸ்திரேலியாவுல ஃப்ரீமான்டில். நடுவுல ஒரு ஊர் கிடையாது, தண்ணிதான்.

நம்மளது ஸ்டூடன்ட் அக்கவுன்ட், எழுத்து மட்டும்தான் வரும். படம் இருக்க வேண்டிய இடத்துல ‘இமேஜ்’னு எழுதி இருக்கும். உலகத்தைச் சுத்துற படகுப் போட்டியை ரெண்டு மாசமா விடாம பாக்குறேன், ஆனா இதுவரைக்கும் ஒரு படகைக்கூட கண்ணால பாத்ததில்ல. பரவால்ல. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு படகும் எங்க இருக்குன்னு போட்டி நடத்துறவன் நம்பர் போடுறான். அட்சரேகை இவ்ளோ, தீர்க்கரேகை இவ்ளோ. மத்ததை நானே பாத்துக்குவேன்.

எங்க ஜவுளிக்கடைக்கு மேல சரக்கு ரூம்லதான் கம்ப்யூட்டர். அந்தச் சுவத்துலயே உலக மேப் ஒட்டிட்டேன். படகுக்கு ஒரு கலர்ல ஸ்டிக்கர் பொட்டு. ரங்கநாதன் தெருவுல பொட்டுக்கா பஞ்சம். சிவப்புப் பொட்டு, பொண்ணுங்க மட்டுமே ஓட்டுற படகுக்கு. என் படகு!

அப்பா மேல வந்து பாத்தாரு. “ஏளா, பில்லு போடத்தான கம்ப்யூட்டர் வாங்குனேன்?” திருநெல்வேலிய விட்டு வந்து இருபது வருஷம் ஆச்சு. கோவம் வந்தா மட்டும் அந்த ஊர் பேச்சு வந்துடும்.

12 நவம்பர்

எனக்கு காலேஜ் மத்தியான ஷிஃப்ட், அதுவரைக்கும் கடைதான். நம்ம கடை சேல்ஸ் அக்காங்க எட்டு பேர். மத்தியானம் நாலு நாலு பேரா சரக்கு ரூமுக்கு வந்து, துணி பண்டல் மேல உக்காந்து சாப்பிடுவாங்க. இருபது நிமிஷம். காலைல ஒம்பதரைல இருந்து ராத்திரி கடை மூடுற வரைக்கும் அவங்க உக்கார்றது அந்த இருபது நிமிஷம்தான். கீழ சாஞ்சாக்கூட தங்கவேல் அண்ணன் வந்து தொண்டையக் கனைப்பாரு. ஃப்ளோர் சூப்பர்வைசராச்சே.

இன்னிக்கு குல்சும் அக்கா டிபன் பாக்ஸோட மேப் முன்னாடி வந்து நின்னாங்க. புடவை செக்‌ஷன்ல அவங்கதான் தலை. ஐஸ் ஹவுஸ் ஏரியாக்காரங்க.

“இன்னா பாப்பா, சுவத்துக்கு அம்மையா?”

சொன்னேன். மொத்தக் கதையும். எட்டு மாசம், ஒவ்வொரு துறைமுகமா நின்னு நின்னு போறது, சிவப்புப் பொட்டுல இருக்கிறவங்க எல்லாம் பொண்ணுங்கன்றது. குல்சும் அக்கா மென்னுக்கினே கேட்டாங்க, “எப்போ தூங்குவாங்கோ?”

அதுக்குப் பேரு வாட்ச். ஆளுங்கள ரெண்டா பிரிச்சுக்குவாங்க. பாதிப் பேரு மேல நின்னு ஓட்டுவாங்க, பாதிப் பேரு கீழ படுத்திருப்பாங்க. நாலு மணி நேரம் ஆனா மாறிக்குவாங்க.

“பாதி பேரு படுத்துக்கினு இருந்தாலும் படகு போவுதா?”

“நிக்கவே நிக்காதுக்கா.”

கூட சாப்பிட்ட பங்கஜம் அக்கா கை கழுவப் போனவங்க திரும்பி மேப்பைப் பாத்தாங்க.

27 நவம்பர்

தினமும் கேள்வி. “செவப்பு எங்க கீது?” “ஏன் கடைசில கீது?” “அவங்க சாப்பாடு இன்னா?” (பொடி. வெந்நீர் ஊத்திக் கலக்கி. பங்கஜம் அக்கா முகத்தைப் பாக்கணுமே.) முன்னாடி அக்காங்களுக்கு நான் முதலாளி பொண்ணு. இப்போ ரிப்போர்ட் சொல்ற பொண்ணு. இது நல்லாருக்கு.

4 ஜனவரி 1998

சிட்னியில இருந்து ஆக்லாந்துக்கு கிளம்பியாச்சு. நாளைக்கு பொருளாதாரம் டெஸ்ட். கோவிந்தா.

18 ஜனவரி, ஞாயிறு

சாயங்காலம் பெசன்ட் நகர் பீச். முட்டி வரைக்கும்தான் இறங்கினேன். அதுக்கே அலை தூக்கிப் போட்டுச்சு. சுடிதார் பூரா மண்ணு. அந்தப் பொண்ணுங்க போற இடத்துல அலை மாடி வீட்டு உயரமாம். எழுத்துல படிச்சப்போ சும்மா நம்பர் மாதிரி இருந்துச்சு.

1 பிப்ரவரி, ஞாயிறு

ஆக்லாந்துல இருந்து அஞ்சாவது லெக். பிரேசில் வரைக்கும். இதுதான் ரொம்ப ஆபத்தானது. தென் அமெரிக்காவோட அடி நுனி, கேப் ஹார்ன், அதைச் சுத்தித் தாண்டணும்.

குல்சும் அக்கா இன்னிக்கு சாப்பிடாம பண்டல் மேல காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. பாவாடையக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாங்க. நரம்பு நீலமா சுருட்டிக்கிட்டு, கணுக்கால் வீங்கி. டாக்டர் சொல்லிட்டாராம், உக்காந்து செய்ற வேலை பாரு, இல்ல வேலையை விடு.

“விட்டுடுவீங்களாக்கா?”

“எட்டு வருசமா நிக்கிறேன். வேற இன்னா தெரியும் எனக்கு?” கொஞ்ச நேரம் மேப்பைப் பாத்தாங்க. “உன் செவப்பு அந்த முனையத் தாண்டட்டும். அன்னிக்கே உங்கப்பாவாண்ட போய் கேக்குறேன். நாலு பேரு நிக்கிறோம், நாலு பேருக்கு ஸ்டூல் போடு முதலாளின்னு. உன் வாட்ச் மாதிரி. இல்லன்னா மாசக் கடைசியோட சலாம்.”

சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா மத்த மூணு பேரும் சிரிக்கல.

அப்பா பத்தி எனக்குத் தெரியாதா? ஸ்டூல்னு சொன்னாலே...

14 பிப்ரவரி

முதல் படகுங்க எல்லாம் முனைகிட்ட. சிவப்பு பின்னாடி. வாங்க வாங்க வாங்க.

20 பிப்ரவரி, வெள்ளி

சிவப்போட பாய்மரம் உடைஞ்சு போச்சு.

மூணு தடவை படிச்சேன். நடுக்கடல்ல, முனைக்கு முன்னாடியே. யாருக்கும் அடி இல்லன்னு போட்டிருக்கான். எஞ்சினைப் போட்டு பக்கத்துத் துறைமுகத்துக்குப் போறாங்களாம். எஞ்சின் போட்டா இந்த லெக் அவ்வளவுதான்.

பன்னண்டு மணிக்கு அக்காங்க சாப்பிட வருவாங்க. என்னா பண்ணுவேன்? மாசக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருக்கு. தாண்டலன்னா குல்சும் அக்கா கேக்க மாட்டாங்க. கேக்காமலே போய்டுவாங்க—

சிவப்புப் பொட்டைப் பிச்சு முனைக்கு அந்தப் பக்கம் ஒட்டிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

குல்சும் அக்கா மேப்பைப் பாத்தாங்க. விரலால அந்த நுனியத் தடவிப் பாத்தாங்க. “தாண்டிட்டாளுங்களா?” தலையாட்டினேன். நேரா கீழ இறங்கி கல்லாவுக்குப் போய்ட்டாங்க. நான் மாடிப்படில நின்னுக்கிட்டேன்.

அப்பா முழுசா கேட்டாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, “வாடிக்கையாளர் நின்னுக்கிட்டிருக்கும்போது நீங்க உக்காந்திருந்தா அது மரியாதையாம்மா? வேலைக்கு நிக்கணும்னு சொல்லித்தானே எடுத்தோம்?” ன்னாரு. தங்கவேல் அண்ணன் தொண்டையக் கனைச்சாரு. கஸ்டமர் வேற பாக்குறாங்க.

குல்சும் அக்கா, “சரிங்க முதலாளி” ன்னு சொல்லிட்டு வந்து பிரிச்ச புடவைய மடிச்சாங்க. அவ்வளவுதான்.

என் பொய்யை நம்பித்தான போய் நின்னாங்க. ச்சீ.

23 பிப்ரவரி, திங்கள்

அப்பாகிட்ட பேசினேன். படகுல பாதிப் பேரு எப்பவும் கீழதான்பா இருப்பாங்க, ஆனா படகு நிக்காதுன்னேன். “அது கடல். இது கடை” ன்னாரு.

25 பிப்ரவரி

சொல்லிட்டேன். சாப்பாடு நேரத்துல, எல்லார் முன்னாடியும். மரம் உடைஞ்சுது, முனைய அவங்க போட்டியில தாண்டல, பொட்டை நகத்தினது நான்னு. அழுகை வந்துடுச்சு.

குல்சும் அக்கா டிபன் பாக்ஸை மூடி வெச்சாங்க. அப்புறம், “ஆளுக்கு ஒண்ணும் ஆவலியே?”

“இல்லக்கா.”

“இப்போ எங்க கீறாங்கோ?”

அர்ஜென்டினா அடி நுனித் துறைமுகத்தைக் காட்டினேன்.

“அங்க ஒட்டு. வலிக்கலன்னு சிரிச்சிக்கினு நாள் பூரா நிக்கிறமே, எங்களுக்கு அந்தப் பொய்யே போதும். உன்னுது வேற எதுக்கு?”

ஒட்டினேன். கோணலா ஒட்டிக்கிச்சு.

28 பிப்ரவரி

குல்சும் அக்கா கடைசி நாள். பங்கஜம் அக்கா தைல பாட்டில் குடுத்தாங்க. எனக்கு அவங்க மூஞ்சிய பாக்க முடியல. படி இறங்கும்போது அவங்களாதான் திரும்பினாங்க. “ரிப்போர்ட் வந்தா சொல்லி அனுப்பு.”

5 மார்ச்

லெக் லெக்காதான் பாயின்ட்! இது எப்படி மறந்தேன்? ஒரு லெக் போனா அந்த லெக்தான் போச்சு. பிரேசில்ல அடுத்த லெக்குக்கு நேரத்துக்கு வந்து நின்னுட்டா மறுபடி போட்டியில இருப்பாங்க. வேற மரம் நட்டுக்கிட்டு வரப் பாக்குறாங்களாம்.

காலேஜ் முடிஞ்சதும் நேரா ஐஸ் ஹவுஸ் போனேன். குல்சும் அக்கா கட்டில்ல, காலுக்கு ரெண்டு தலகாணி. பிரின்ட் அவுட்டை காட்டினேன். தமிழ்ல படிச்சு சொன்னேன். வீக்கம் வடிஞ்சிருக்கு. ஆனா, “சும்மா படுத்துக்கினு இருந்தா பைத்தியம் புடிக்குது பாப்பா” ன்னாங்க.

9 மார்ச்

முகூர்த்த சீசன். கடைல கூட்டம் தாங்கல. இன்னிக்கு மந்தைவெளியில இருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க, பதினோரு பேரு, வந்ததும் வராததுமா “குல்சும் எங்கே?” ன்னாங்க. இல்லன்னதும் அந்த மாமி, “அவ இல்லாம எனக்குப் பாக்கத் தெரியாதுப்பா. அடுத்த வாரம் வரோம்” ன்னு எல்லாரையும் ஓட்டிக்கிட்டு போய்ட்டாங்க. தங்கவேல் அண்ணன் அம்மை போட்டு ஊருக்குப் போயிருக்காரு. அப்பாவே கல்லாவை விட்டுட்டு புடவை செக்‌ஷன்ல நிக்கிறாரு.

11 மார்ச்

அப்பா நிக்கிறது மூணாவது நாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பு போட்ட வெந்நீர் வெச்சாங்க. பக்கெட்ல காலை விட்டுக்கிட்டு கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்.

“ஏளா.”

“என்னப்பா?”

“அந்தப் படகுல எத்தன மணி நேரத்துக்கு ஒருக்கா ஆள மாத்துவாவ?”

14 மார்ச், சனி

வந்துட்டாங்க! சிவப்பு ஸ்டார்ட்ல நிக்குது. ஆறாவது லெக், பிரேசில்ல இருந்து ஃபோர்ட் லாடர்டேல். சரக்கு ரூம்ல தனியா குதிச்சேன். பண்டல் சரிஞ்சு மேல விழுந்துச்சு.

அப்பா ஐஸ் ஹவுஸ் அட்ரஸ் கேட்டாரு. எழுதிக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல நான். பயம்.

16 மார்ச், திங்கள்

காலைல கடைக்குப் போனா தச்சர் வந்து ஸ்டூல் இறக்கிக்கிட்டு இருக்காரு. நாலு. உயரமா. குல்சும் அக்காவும் நிக்கிறாங்க. அப்பா அவங்கள உக்காரச் சொல்லி, வாசல்ல போய் நின்னு கஸ்டமர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பாக்குறாரு. “உக்காந்தாலும் நின்ன மாதிரித்தான் தெரியுது. அப்ப சரி.”

கடைக்காரர்னா கடைக்காரர்தான்.

எட்டு பேருக்கு நாலுதான் வாங்கியிருக்காரு. பங்கஜம் அக்கா முணுமுணுத்தாங்க. குல்சும் அக்கா, “நாலுதான நாம கேட்டது” ன்னு சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. “வாட்ச் பிரி பாப்பா.”

கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. அதே மாதிரி நாலு பேருக்கு சிவப்புப் பொட்டு, நாலு பேருக்கு பச்சைப் பொட்டு. குல்சும் அக்கா பொட்டு வைக்க மாட்டாங்க, வளையல்ல ஒட்டிக்கிட்டாங்க. சிவப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா மாறணும். மணி பாத்து சொல்றது யாருன்னு கேட்டதுக்கு அப்பா, “கல்லாவுல நான் சும்மாதான இருக்கேன்” ன்னாரு.

3 மே

அனாபொலிஸ்ல இருந்து லா ரோஷெல். எனக்கு செமஸ்டர். மேப்பை பங்கஜம் அக்காவே பாத்துக்குறாங்க. நம்பர் எழுதிக் குடுத்தா போதும், சரியா ஒட்டிடுறாங்க.

25 மே, திங்கள்

நேத்து முடிஞ்சுது. சவுத்தாம்ப்டன். எங்க கிளம்பினாங்களோ அங்கயே. ரிசல்ட்டை பிரின்ட் எடுத்துக்கிட்டு படி இறங்கி ஓடினேன். கீழ கால் வைக்க இடம் இல்ல, ஸ்கூல் திறக்கப் போற நேரம். குல்சும் அக்கா ஸ்டூல்ல உக்காந்து ஒரு அம்மாவுக்கு காஞ்சிப் பட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. தங்கவேல் அண்ணன் அந்தப் பக்கம் பாக்காத மாதிரி போறாரு.

கல்லாவுல இருந்து அப்பா குரல். “ஏ, சிவப்பு!”

சிவப்பு நாலும் எந்திரிச்சாங்க. பச்சை நாலும் உக்காந்தாங்க. பட்டுப் புடவை அம்மா நிமிந்துகூட பாக்கல.

“வந்துட்டாங்களா?” ன்னாங்க குல்சும் அக்கா, புடவையில இருந்து கண்ணை எடுக்காம.

“வந்துட்டாங்கக்கா. ஆனா கடைசி.”

“கடைசின்னா இன்னா, கரை ஏறிட்டாங்கோல்ல. சும்மா நிக்காத, அந்தத் தலைப்பைப் புடி. அம்மா பாக்கட்டும்.”

புடிச்சேன். அப்புறம் இன்னொன்னு. அப்புறம் பச்சை பார்டர்ல ஏழு. அப்பா மறுபடி “பச்சை!” ன்னு கத்துற வரைக்கும் முழுசா ஒரு மணி நேரம் நின்னிருக்கேன். அப்பா என்னைப் பாத்தாரு, மணியப் பாத்தாரு.

ரெண்டு காலும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. லீவு முடியுற வரைக்கும் தினம் வரச் சொல்லியிருக்காங்க குல்சும் அக்கா. என்னை சிவப்புல போட்டிருக்காங்களாம்.