குடைப் பாட்டுக்கு எசப்பாட்டு

எஹலியகொட
11.02.2024

ஜெயம்மாவுக்கு எஸ்தர் எழுதுவது.

மேலே வெட்டியிருப்பது 'அன்புள்ள' என்ற சொல். பழக்கத்தில் எழுதிவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ இரண்டு வரி பாடி, என்னைச் சிரிக்கவைத்து, சொல்ல வந்ததை மழுப்பிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது.

போன வாரம் என் மகள் கிறேஸ், இரத்தினபுரி மேடையில் நீ பாடிய வீடியோவைக் காட்டினாள். தோளில் பொன்னாடை, பின்னால் 'அறுபதுகளின் மலைப்பாட்டுகள்' என்று பேனர். பொய் சொல்ல மாட்டேன், முதல் மூன்று பாட்டுக்கும் அழுதேன். றக்வான மலையில் மேல் தேயிலை நிரையிலிருந்து நீ முதல் அடியை எடுப்பாய், கீழ் நிரையில் நின்று நான் அடுத்த அடியைப் பிடிப்பேன். கங்காணிகூடக் கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். கூடை நிறைவதே தெரியாது. அந்த வயதில் எனக்கு உன்னைவிட வேண்டியவள் யாரும் இல்லை.

நாலாவதாக நீ குடைப் பாட்டைப் பாடினாய்.

கொட்டுற மழையில கூட்டமெல்லாம் நனஞ்சிருக்க
எஸ்தரு கம்பிளி மட்டும் ஈரமில்லா மாயமென்ன?
கணக்கப்புள்ள கொடையக் கேளு, கதைகதையாச் சொல்லுமடி!

பாடிவிட்டுச் சிரித்தாய். "அந்த எஸ்தர் என்னோட கூட்டாளிதாங்க. இப்ப எங்க இருக்காளோ தெரியல" என்றாய். தீபாவளிக்கு முறுக்கு அனுப்பிய முகவரி அதற்குள் மறந்துவிட்டதா? அந்தப் பாட்டு செத்துப்போனது என்று நினைத்துத்தான் அந்த முறுக்கைத் தின்றேன்.

அந்தப் பாட்டால் எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். நிவித்திகலையில் வாத்தியார் மகனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தது நின்றது. உபதேசியாராக இருந்த எங்கள் அப்பா, அந்த மாதமே இந்த ரப்பர் தோட்டத்தில் பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார். கிறேஸ் ஏழே மாதத்தில் குறைமாதப் பிள்ளையாகப் பிறந்தாள். வீடியோ பார்த்ததிலிருந்து அவள் விரல்விட்டு எண்ணுகிறாள். சுவரில் உள்ள அப்பா படத்தைப் பார்க்கிறாள், பிறகு கண்ணாடியைப் பார்க்கிறாள். வாய்விட்டுக் கேட்டிருந்தால் தேவலை.

அந்தப் பாட்டை இனிப் பாடாதே. அதில் சொன்னது பொய் என்று அதே மேடையில் சொல். அவ்வளவுதான்.

எஸ்தர்


றக்வான
25.02.2024

அன்புள்ள எஸ்தருக்கு,

நான் வெட்டவில்லை, பார்த்துக்கொள்.

கடிதம் கிடைத்தது. எழுத்து இன்னும் அச்சுமாதிரி இருக்கிறது, புத்திதான் கோணிப்போயிருக்கிறது. அது ஒரு கேலிப்பாட்டு. கங்காணியைப் பாடினோம், கிளாக்கரைப் பாடினோம், துரையுடைய நாயைக்கூடப் பாடினோம். நாய் கோபித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்புச் சத்தம் கேட்டதும் நீ உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவாய். உன் குரல் ஆட்டுக்குட்டிக் குரல், இருந்தாலும் தாளம் தப்பாது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே.

உன் கல்யாணம் நின்ற பழியை என் தலையில் போடாதே. அந்தப் பாட்டை யார் கட்டியது என்று யாருக்குத் தெரியும்? நம் மலையில் ஒரு வழக்கம் உண்டு, அது உனக்கு மறந்திருக்காது. ஒருத்தியைப் பாட்டில் குத்தினால், மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அவள் எசப்பாட்டுக் கட்டித் திருப்பிக் குத்த வேண்டும். வாய் மூடி நின்றால் பாட்டுச் சொன்னது மெய். நீ வாய் மூடி நின்றாய். இப்போது வந்து என்னைக் கேட்டால்?

ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தேன். ஒருவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது அந்த மேடையில்தான். என் மகன் சுதாகரன்தான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போடுகிறான். சனம் எழும்பி நின்று கைதட்டுவது குடைப் பாட்டுக்குத்தான். அதை எடுக்க மாட்டேன். மார்ச் 23ஆம் திகதி மறுபடியும் இரத்தினபுரியில் பாடுகிறேன். தொண்டையில் ஏதாவது மிச்சமிருந்தால் வந்து எசப்பாட்டுப் பாடு.

பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு.

ஜெயம்மா


எஹலியகொட
05.03.2024

ஜெயம்மாவுக்கு,

யார் கட்டியது என்று யாருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

அந்த மழை நாளில் ஆயாவுக்குச் சுகமில்லை என்று என்னைப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்க விட்டார்கள். மழை விட்ட பிறகுதான் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வந்தேன். மழைக்குத் தலையில் போடுகிற கம்பிளி காய்ந்திருந்தது அதனால்தான். காம்பரா ஜன்னலிலிருந்து பார்த்தால் மேல் மலை முழுக்கத் தெரியும். கணக்கப்பிள்ளையின் குடையும் தெரிந்தது. குடைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள். அதில் ஒரு சோடியில் கொலுசு. அந்தத் தோட்டத்தில் யார் கொலுசு போட்டிருந்தது? அத்தை வாங்கிக்கொடுத்தது என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாயே.

குடையை வேறு யாரோவும் பார்த்துவிட்டார்கள், கீழே நின்றவள் யாரென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. உன் பெயர் வருவதற்குள் என் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டினாய். மறுநாள் பெரட்டில் நீதான் முதல் அடி எடுத்தாய்.

அன்று சாயங்காலமே பீலியில் முகம் கழுவும்போது நான் எசப்பாட்டுக் கட்டிவிட்டேன். ஏன் பாடவில்லை தெரியுமா? கூத்துக்குப் போய்ப் பிந்தி வந்ததற்கே உன் அண்ணன் உன்னைத் தூணில் கட்டிவைத்து அடித்தவர். இதைக் கேட்டிருந்தால் உன்னைக் கொன்றிருப்பார். ஒரு சம்பள நாள் போனால் பாட்டு மறந்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவிடம் அழுது பார்த்தேன். "மலையே பாடுது. நான் என்ன செவிடனா?" என்றார்.

இந்தா, நீ கேட்ட எசப்பாட்டு:

காஞ்ச கம்பிளிக்குக் காரணத்தக் கேட்டவளே,
பிள்ளக் காம்பராவில் பிள்ளய நான் ஆட்டினேன்டி!
கொடைக்குள்ள நின்ன காலு கொலுசு போட்ட காலுதானே,
ஜெயம்மா, உன் கால நீட்டு, சத்தத்துல தெரிஞ்சிபோகும்!

23ஆம் திகதி கிறேஸைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீயாகவே அது பொய் என்று சொல்லிவிட்டால் இது என் தொண்டையிலேயே இருக்கும்.

எஸ்தர்


றக்வான
12.03.2024

எஸ்தர்,

நீயெல்லாம் வேதம் படிக்கிறவளா? இத்தனை வருசம் நெஞ்சில் விஷத்தை வைத்துக்கொண்டு என் முறுக்கைத் தின்றாயா?

என் புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணனும் போய்விட்டார். எனக்கு இருப்பது சுதாகரன் ஒருவன்தான். அவன் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறான். அவன் காதில் இது விழுந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். உனக்காவது ஒரு மகள்தான் எண்ணிப் பார்க்கிறாள். என்னை ஊரே எண்ணும்.

பாட்டை விட்டுவிடுகிறேன். பொய் என்றெல்லாம் மேடையில் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அப்போது யார் என்று கேட்பார்கள். நீ வராதே. வந்தாலும் நான் உன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஜெயம்மா


எஹலியகொட
02.04.2024

ஜெயம்மாவுக்கு,

கேகாலையில் இருந்து ஒருவர் போன் பண்ணினார். நம் இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தி இரண்டு பாட்டையும் பாடவைக்க வேண்டுமாம். உன்னிடம் கேட்டாராம், நீ என் நம்பரைக் கொடுத்தாயாம். அதற்குத்தான் இந்தப் பதில்.

23ஆம் திகதி மேடையில் நீ குடைப் பாட்டைத் தொடாமல் முடிக்கத்தான் பார்த்தாய், அதை நான் மறுக்கவில்லை. உன் மகன்தான் முன் வரிசையிலிருந்து "அம்மா, கொடைப் பாட்டு!" என்று கத்தினான். சனமும் சேர்ந்து கத்தியது. நீ என்னைப் பார்த்தாய். அந்த இடத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், மலையில் பெயருக்கா பஞ்சம்? நீ எஸ்தர் என்றே பாடினாய். கைதட்டல் போய்விடும் என்று பயந்தாயோ என்னவோ.

அதனால் எழுந்தேன். மைக் இல்லை. முதல் அடி உடைந்துதான் வந்தது, இரண்டாவது அடியில் தொண்டைக்கு வழி ஞாபகம் வந்துவிட்டது. உன் பெயரை உன்னையே பார்த்துப் பாடினேன். முடித்ததும் மண்டபம் இடிந்து விழுகிறமாதிரி கைதட்டல். இருவரும் பேசி வைத்துக்கொண்டு நடத்துகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். உன் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, காலக் காட்டுங்கம்மா!" என்று கத்தினான்.

நீ சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டாய். மண்டபத்தில் அதைப் பார்த்தது கிறேஸ் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது குருவிட்டயைத் தாண்டி பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "அப்பா பாடுவாராம்மா?" என்று கேட்டாள். இல்லை, ஆனால் நான் பாடினால் ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார் என்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஆனாலும் வயிறு எரிகிறது, ஜெயம்மா. உன்னைப் பற்றி உண்மையைப் பாடினேன், உன் பிள்ளை சிரித்தான். உனக்கு இன்னொரு பொன்னாடை போட்டார்கள். அறுபத்தேழில் நீ பொய்யைப் பாடியபோது எங்கள் அப்பாவும் அப்படிச் சிரித்துவிட்டுப் போயிருந்தால், நான் இந்த ரப்பர் காட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டேன். உனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேகாலைக்கு வேறு எஸ்தரைத் தேடிக்கொள். இதற்குப் பதில் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

எஸ்தர்