ஏழாவது துணி

பிப்ரவரி 3, செவ்வாய்

பாலம் நடுவில் உட்கார்ந்துபோன வருடம் அது. பதினோரு மாதம் ஆற்றைக் கடக்க எல்லோருக்கும் படகுதான். பேருந்துக்காரர்கள் நாற்பது நாள் வேலைக்கு வராமல் இருந்ததும் அந்த வருடம். எதிர் வரிசை ரொட்டிக் கடை தீப்பிடித்து, தெரு முழுக்க ஒரு வாரம் கருகின சர்க்கரை வாசனை. என் மகனுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தன. அந்த வருடம்தான் கறுப்பு மாண்டலின் செய்தோம். முப்பத்தொன்று ஆகிறது என்று மருமகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

இதை எழுதுவது அவள்தான். எனக்கு எழுத்து வராது. கையெழுத்து போடுவேன், அதுவும் படம் வரைகிற மாதிரி. ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு உட்காருவாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். என் பேச்சைக் கொஞ்சம் சலவை செய்துதான் எழுதுகிறாள். போகட்டும்.

இன்று போன் வந்தது. என் மனைவியின் தம்பி மகள். அவள் அப்பன், என் மச்சான், போன வருடம் இறந்ததிலிருந்து அந்தக் கறுப்பு மாண்டலினை அவள்தான் வாசிக்கிறாள்.

"மாமா, பத்தொன்பதாம் தேதி எனக்குக் கச்சேரி. பெரிய அரங்கம். அப்பா போட்டிருந்த தந்தி மெலிசு, சத்தம் பத்தல. கனமா ஒரு செட் வாங்கிட்டேன். பதிமூணாம் தேதி வரேன், நீங்கதான் மாத்தித் தரணும்."

சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டோடு தட்டை மூடி வைத்தேன்.

பிப்ரவரி 4

சொல்ல ஒன்றுமில்லை என்றேன். தேதியை மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

சொல்கிறேன்.

நான் பந்தயப் படகு செய்கிற பட்டறையில் இருந்தேன். ஊசி மாதிரி ஒல்லிப் படகுகள். கார்பன் துணியை அச்சில் விரித்து, ரெசின் தடவி, அடுப்பறையில் வேகவைத்து எடுத்தால் கல்லு மாதிரி இருக்கும், தூக்கினால் தக்கை. மச்சான் அப்போது படகுத்துறையிலும் கல்யாண வீடுகளிலும் மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்தான். மர மாண்டலின். செய்து கொடுத்தவன் சிராய்.

சிராய் என்றால் தச்சன். எப்போது பார்த்தாலும் விரலில் ஒரு சிராய் ஏறியிருக்கும், பல்லால் கடித்து எடுத்துக்கொண்டே பேசுவான், அதனால் அந்தப் பெயர். என்னை அவன் கூப்பிடுவது கரி. நான் வேலை விட்டு வருகிற கோலம் அப்படி.

ஆற்றங்கரை ஈரத்தில் மச்சானின் மாண்டலின் இரண்டு தடவை ஒட்டு விட்டது. சிராய் இரண்டு தடவையும் ஒட்டிக் கொடுத்தான். மூன்றாவது தடவை மச்சான் என்னிடம் வந்து, "அத்தான், மழையில நனைஞ்சா ஊதாத ஒண்ணு உங்க படகுத் துணியில செய்ய முடியுமா?" என்றான். முதலாளி சிரித்தார். "செய்டா பாப்போம். மிஞ்சின துணிதானே."

சிராய்க்கு அது சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் கழுத்தில் மெட்டுக் கம்பிகளை அடிக்க அவனை விட்டால் ஆள் இல்லை. வந்தான். வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. "கரிச்சட்டிக்குக் கழுத்து வேறயா?" என்பான். "தந்திய மாட்டி அடுப்பில வைங்க, நல்லா கொதிக்கும்" என்பான்.

மருமகள் சிரிக்கிறாள். இன்றைக்கு இது போதும்.

பிப்ரவரி 7, சனி

இதை எழுதாதே என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கார்பனை அச்சில் போடும்போது, பிறகு இன்னொரு பாகத்தை எங்கே ஒட்டப்போகிறோமோ அந்த இடத்தில் மேலாக ஒரு மெல்லிய துணி போடுவோம். வெந்த பிறகு அதை உரித்தால் அடியில் சொரசொரப்பான சுத்தமான முகம் வரும். பசை நன்றாகப் பிடிக்கும். உரிக்க மறந்து மேலேயே ஒட்டினால், பார்க்க ஒட்டின மாதிரிதான் இருக்கும். துணிதான் பிடித்துக்கொண்டிருக்கும், கார்பன் அல்ல. ஒரு நாள் விடும். என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. ரெசின் ஊறிய துணி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கறுப்பின் மேல், அதுவும் குழியான இடத்தில், அவசரத்தில் கண்ணுக்கே படாது.

மற்றவர்கள் எத்தனை துணி போட்டார்கள் என்று அச்சின் மேல் எழுதி வைப்பார்கள். நான் எண்ணி வைப்பேன். மாண்டலினுக்கு ஏழு. இரண்டு விரல் அகலம், நடுவில் சிவப்பு நூல் ஓடும். நகத்தால் பிடித்து உரிக்க வசதியாக ஒவ்வொன்றிலும் ஒரு மூலையைச் சாய்த்து வெட்டுவேன்.

அன்று உடலும் கழுத்தும் காலையில் அடுப்பிலிருந்து வந்தன. அளவெடுக்க சிராய் வந்திருந்தான். கழுத்து உட்காருகிற குழியைக் குனிந்து நோண்டிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல். "ரம்பம் பிடிக்கிற கைக்கு இது எட்டாது, தள்ளி நில்லு" என்றேன். முதலாளி முன்னால். மச்சான் முன்னால். சிராய் தள்ளிப் போய் நின்றான். அதோடு அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

மச்சான் ஐந்து மணிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தான். மறுநாள் மெட்டு அடித்து, தந்தி மாட்டி, அதற்கு மறுநாள் அவன் வெளியூர் கிளம்பணும். பசை கலந்தால் கால் மணிதான் தாங்கும். பரபரவென்று துணிகளை உரித்தேன், ஒட்டினேன், இறுக்கினேன்.

மறுநாள் காலையில் சிராய் வந்து சத்தமில்லாமல் எடுத்துப் போனான். அவன் போன பிறகு தரையைக் கூட்டினேன். குப்பையில் துணிகளை எண்ணினேன்.

ஆறு.

மறுபடி எண்ணினேன். ஆறுதான். மேசைக்கு அடியில், செருப்புக்கு அடியில், அடுப்பறைக் கதவிடுக்கில், எல்லா இடமும் தேடிட்டேன். ஆறு. குழிக்குள்ள போட்ட துணிய உரிச்சது மட்டும் எனக்கு ஞாபகம் இல்ல. மத்த ஆறும் எந்த வரிசையில உரிச்சேன்னு இப்பவும் சொல்வேன். அந்த ஒண்ணு மட்டும் இல்ல.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தான். அந்த மாதிரி ஒரு சத்தம்—மரம் இனிக்கும். இது இனிக்கவில்லை, மணி அடித்த மாதிரி தெறித்து, அடங்காமல் நின்றது. என் மனைவி உள்ளே தம்பியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

எட்டுத் தந்தியும் சேர்ந்து ஒரு ஆள் எடைக்கு அந்தக் கழுத்தை இழுக்கின்றன. விட்டால் வாசிக்கிறவன் முகத்தில்தான். முப்பத்தொரு வருடம், எப்போது போன் அடித்தாலும் எனக்கு முதலில் வந்த நினைப்பு அது.

பிப்ரவரி 8

மருமகள் காலையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மாமா, கனமான தந்தி போட்டா இன்னும் அதிகமா இழுக்குமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவங்க வந்ததும் சொல்லிடுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 10, செவ்வாய்

முடி வெட்டப் போன இடத்தில் சிராய். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். மாதத்தில் ஒரு தடவை இப்படி மாட்டிக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கண்ணாடியில் அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன்.

"ரெண்டு பேர் தலையிலயும் சேர்த்து மொத்தம் இருநூறு முடி இருக்காது. இதுக்கு ஒரு சண்டை" என்றான் முடிவெட்டுகிறவன்.

சிராய் அவனிடம் சொன்னான்: "நான் ரெடி. அவரு கேக்க வேண்டியதைக் கேட்டா பேசலாம்னு சொல்லு."

மன்னிப்பு கேட்கச் சொல்கிறான். கேட்டிருக்கலாம்தான். வாய் வரவில்லை.

பிப்ரவரி 11

காசை எடுத்து மேசை, கதவு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். படகில் உள்ளே ஒட்டு விட்டிருந்தால் காசால் தட்டும்போது சத்தம் செத்துக் கேட்கும். காது இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. ஆனால் அந்தக் குழி கனமான இடம். அங்கே காசு பேசாது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 13, வெள்ளி

வந்தாள். அப்பனின் அதே கோணல் சிரிப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும், "மாமா, இளைச்சுட்டீங்க" என்றாள். நான் உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தேன். நின்றால் விட்டுவிடுவேன் என்று பயம்.

எல்லாம் சொன்னேன். துணி ஏழு, குப்பையில் ஆறு. உன் அப்பன் முகத்துக்கு முன்னால முப்பது வருஷம் அதை வச்சிருந்தேன்மா, வாயைத் திறக்கல, இப்ப உன் முகத்துக்கு முன்னாலயும் வைக்க என்னால முடியாது. கனமான தந்தி வேண்டாம். இதை வாசிக்கவே வேண்டாம். நான் செய்த வேறு ஒன்று தருகிறேன். அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று மாண்டலின் செய்திருக்கிறேன்; ஒவ்வொரு துணிக்கும் ஒரு சாண் வால் விட்டுத்தான் செய்தேன், மறக்கவே முடியாதபடி.

அவள் கோபப்படவில்லை.

"அந்தத் துணி எப்படி இருக்கும் மாமா?"

"ரெண்டு விரல் அகலம். நடுவில சிவப்பு நூல். ஒரு மூலை சாய்ச்சு வெட்டியிருக்கும்."

அவள் பெட்டியைத் திருப்பிக் கைப்பிடியை என் பக்கம் காட்டினாள்.

பழுப்பேறிப்போய், விறைப்பாக, முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. நூல் இன்னும் சிவப்புதான். மூலை சாய்ந்திருந்தது.

"இது தச்சர் கட்டினது. அப்பா அவிழ்க்கவே விடமாட்டார். மாண்டலினைக் குடுக்கும்போது அவர் சொன்னாராம், 'இதை உங்க அத்தான் தேடுவான். வந்து கேட்டான்னா குடு, அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்'னு. ஏன்னு அப்பாவுக்குத் தெரியாது. எத்தனையோ தடவை உங்களைப் பார்த்திருக்கார், நீங்க ஒரு நாளும் கேக்கலையாமே."

நான் எங்கே பெட்டியைப் பார்த்தேன்? மச்சான் வருகிறான் என்றாலே பின்பக்கம் போய்விடுவேன். வாசித்தால் தூரமாக, சுவரோரம். பெட்டி கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி குடித்தேன், பாதி சட்டையில்.

உரித்த ஞாபகம் இல்லையே என்று எத்தனை வருடம் என்னையே திட்டிக்கொண்டேன்! உரிச்சாத்தானே ஞாபகம் இருக்கும்? நான் உரிக்கவே இல்லை. ஞாபகம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

மூன்று பேரும் சிராய் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவன் பெட்டியைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கேளு" என்றான்.

"அந்தத் துணி என்னுது. குடு."

"இந்த ஒரு வார்த்தைக்கு முப்பது வருஷமா! உள்ள வா."

உட்கார்ந்தோம். விரலில் இன்னும் சிராய், இன்னும் பல்லால்தான் எடுக்கிறான். சொன்னான்: அளவுக்காகக் கழுத்தைக் குழியில் வைத்துப் பார்த்தானாம். உட்காரவில்லை. விரலை விட்டால் வழவழவென்று ஏதோ. "உன் துணின்னு தெரியும். படகுல நீ உரிக்கிறப்ப பாத்திருக்கேனே. நகத்தால கிள்ளி உரிச்சேன், பையில போட்டுக்கிட்டேன். அளவு சரியா உட்கார்ந்துச்சு."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ தள்ளி நில்லுன்ன. தள்ளி நின்னேன்."

"அப்புறமாவது?"

"அடுத்த நாளே நீ எண்ணுவன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு குறையும். ஓடி வருவ, 'சிராய், பாத்தியா?'ன்னு கேப்ப, நான் நாலு நாள் உன்னை ஓட்டலாம்னு பாத்தேன். நீ வரவே இல்ல. ஒருவேளை எண்ணலையோ, என்னைக்காவது கேட்டா சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

"எண்ணினேன்டா."

அவன் சிரிப்பு நின்றது. "அப்ப, அது உள்ளதான் இருக்குன்னா நினைச்ச? இவ்வளவு நாளும்?"

நான் தலையாட்டினேன். அவன் எழுந்து சன்னல் பக்கம் போனான். சன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்ச் சுவர்தான். திரும்பி வந்து, "நான் ஒரு மடையன், கரி" என்றான். நானும்தான் என்றேன். "அது எனக்கு முதல்லயே தெரியும்" என்றான்.

பிறகு கனமான தந்தியை இருவரும் சேர்ந்து மாட்டினோம். தந்தி உட்காருகிற குதிரையை அவன் நகர்த்தினான், நான் முறுக்கினேன். ஒவ்வொரு திருகுக்கும் கழுத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. முடி அளவுகூட இல்லை. சிராய் காதை அதன் முதுகில் வைத்துக்கொண்டு மச்சான் மகளிடம், "வாசிம்மா" என்றான். வாசித்தாள். "கரிச்சட்டி நல்லாத்தான் கொதிக்குது" என்றான்.

பிப்ரவரி 16

எட்டு மணி வரை தூங்கினேன். உடம்புக்கு ஏதோ என்று மருமகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்று கச்சேரி. முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் அந்த மாண்டலினின் சத்தத்தை நான் இப்போதுதான் கேட்கிறேன். இதற்கு முன் கேட்டதெல்லாம் எப்போது வெடிக்கும் என்பதைத்தான். அடித்து விட்ட பிறகும் ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது! நடுவில் ஒரு வேகமான இடம் வந்தபோது சிராய் என் தொடையில் தட்டினான். வலித்தது. தச்சன் கை.

போன் அடித்தால் இப்போது எழுந்து போய் எடுக்கிறேன்.

துணி இந்த நோட்டில் இருக்கிறது. எதுவரை எழுதினோம் என்று அடையாளத்துக்கு மருமகள் வைத்திருக்கிறாள். மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, உரிக்க வசதியாக.

அன்றைக்குப் பட்டறையில் அந்தக் கறுப்பைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று கேட்டாள். முதலாளி. பாலம் திறந்த மறுவருடம் போய்விட்டார், தூக்கத்தில். பட்டறை வாசலுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டுப் போன என் மனைவி. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மச்சான், போன வருடம். என்னை விட்டுவிட்டு எண்ணினால் மிச்சம் இருக்கிறவன் ஒருத்தன்தான். சிராய்.