எழுத்து வைக்காத கலியாணம்

அக்கா,

இன்று காலை நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் சட்ட அலுவலகத்துக்கு ஒரு பெண் கலியாண அல்பத்தோடு வந்தாள். ஹவுன்ஸ்லோவிலிருந்து, இரண்டு பஸ் மாறி. மேசையில் வைத்துத் திறந்தபோது பழைய பிளாஸ்டிக் உறையின் மணம். ஒட்டிக்கிடந்த பக்கங்கள் பிரியும் சத்தம்.

நீங்களும் அல்பம்தான் கொண்டுவந்தீர்கள். அத்தான் வீட்டை விற்கப்போகிறார் என்று தெரிந்த கிழமை அது. வீடு அவர் பெயரில். விவாகரத்து எடுக்க வேண்டும், வீட்டில் பங்கு வேண்டும் என்றீர்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில். சட்டத்தரணியிடம் மொழிபெயர்க்க உங்களோடு வந்தேன்.

அந்த ஆங்கிலேயச் சட்டத்தரணி பதிவுச் சான்றிதழைக் கேட்டார். நீங்கள் ஐயரை, அக்கினியை, நிறைந்த மண்டபத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டினீர்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சொன்னார். அதை நான் உங்களிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"பூசி மெழுகாதை பிள்ளை. அவர் சொன்னதைச் சொல்லு."

இந்த நாட்டுச் சட்டப்படி நீங்கள் இருவரும் மணம் செய்யவேயில்லை என்றேன். இல்லாத கலியாணத்துக்கு விவாகரத்து இல்லை. மனைவி என்ற பங்கும் இல்லை. வேறு நீளமான வழி ஒன்று இருந்தது. வீட்டுக்கு நீங்கள் கொடுத்ததையெல்லாம் நிரூபிக்க வேண்டும். உங்களிடம் அல்பம் மட்டும் இருந்தது.

தாலிக்கொடியை வெளியே எடுத்துச் சட்டைக்கு மேல் விட்டீர்கள். அவருக்குத் தெரியும்படி.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆருக்குச் சமைச்சனான் எண்டு கேள்."

நான் கேட்கவில்லை.

எழுத்துக்கு, சட்டப்படியான பதிவுக்கு, நாள் எடுத்திருந்தோம். கலியாணத்துக்கு முந்திய கிழமை, பதிவு அலுவலகத்தில். அது அட்டமியில் விழுந்தது. பெரியம்மா பஞ்சாங்கத்தை மூடிவிட்டுப் போனை என்னிடம் தந்தார். வீட்டில் என் ஆங்கிலம்தான் நல்லது. எனக்குப் பதினைந்து வயது. ரத்துச் செய்தேன். வேறு நாள் வேண்டுமா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். உங்களைப் பார்த்தேன். சேலைக்கு ஓரம் தைத்தபடி சிரித்தீர்கள்.

"பிறகு வைப்பம். எழுத்து எங்கை ஓடப்போகுது?"

பிறகு எடுக்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு ஷிப்ட், வீடு, வருடங்கள்.

சட்டத்தரணியிடமிருந்து திரும்பும்போது, பஸ் தரிப்பில், ரத்துச் செய்தது நான்தான் என்றேன். நாள் பார்த்தது நாங்கள் என்றீர்கள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த கலியாணத்துக்கு எழுத்து முதல், மற்றதெல்லாம் பிறகு." நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

ரெய்னர்ஸ் லேனில், அந்த வீடு இருந்த அதே வீதியின் மறுமுனையில் ஓர் அறை எடுத்தீர்கள். மூன்று வருடம். போன மாரியில் மூளையில் இரத்தக் கசிவு.

உங்கள் இறப்பைப் பதிய நான் போனேன். அதே பதிவு அலுவலகம். கிடைத்த முதல் நேரத்தை எடுத்தோம். அன்று என்ன திதி என்று யாரும் பார்க்கவில்லை. மணமானவரா என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன்.

இன்று வந்தவளிடம் அதைத்தான் முதலில் கேட்டேன், எழுத்து வைத்தீர்களா என்று. "அதுக்கு நாள் சரிவரேல்லை, தங்கச்சி" என்றாள். அவள் விரல் படத்திலிருந்த ஐயரின் மேல் இருந்தது. "இஞ்சை பாருங்கோ, ஐயர் இருக்கிறார்."

சட்டத்தரணி உள்ளே கூப்பிடுகிறார். அல்பத்தை நான் தூக்கிக்கொண்டேன். கனக்கிறது. ஆருக்குச் சமைச்சனான் என்ற உங்கள் கேள்வியை இன்னும் யாரிடமும் ஆங்கிலத்தில் கேட்கவில்லை. இவள் கேட்பதை, கேட்டபடியே, உள்ளே சொல்வேன். அதற்கு மேல் எனக்கு ஏலாது, அக்கா.