முதுகில் கொஞ்சம் கூடுதல் நீலம்

ஞாயிறு, 12 நவம்பர் 2006

ஆளுக்கொரு கட்டு வைத்து மோதும் சண்டைச் சீட்டு விளையாட்டில் இன்றும் மச்சானிடம் தோற்றேன். எரிச்சல் அடங்கவே இல்லை.

புது வரிசையில் வந்த கழுகுச் சீட்டுக்காக என் சீட்டுக்கட்டையே மாற்றி அடுக்கியிருந்தேன். சின்னச் சீட்டுகளை இறக்கி நேரத்தைக் கடத்துவது, கழுகு கைக்கு வந்ததும் ஒரே அடியில் முடிப்பது. இதுதான் திட்டம். ஆனால் கவிழ்த்து வைத்த என் கட்டின் மேலே கழுகு வரும்போதெல்லாம், நான் அதை எடுப்பதற்கு முன்பே மச்சான் அடியைத் தடுக்கும் கேடயச் சீட்டை இறக்கிவிட்டு டீயை உறிஞ்சுகிறார்.

"எப்படி மச்சான் கண்டுபிடிக்கீக?" என்று கேட்டேவிட்டேன்.

"ஏலே, புதுச் சீட்டு முதுகுல நீலம் தூக்கலா ஓடியிருக்கு. பழசு பக்கத்துல பளிச்சுனு தெரியுதே."

அவர் சிவகாசியில் ஆப்செட் அச்சு மெஷின் ஓட்டுகிறவர். நான் சாத்தூரில் செருப்பு விற்கிறவன். எனக்கு நீலம் என்றால் நீலம்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே மாப்ள."

வீட்டுக்கு வந்த பிறகு வழி தோன்றியது. புது வரிசையில் எதற்கும் உதவாத தவளைச் சீட்டுகள் உண்டு. அவற்றின் முதுகும் அதே நீலம். அவற்றைக் கட்டில் கலந்துவிட்டால், மேலே இருப்பது கழுகா தவளையா என்று தெரியாமல் கேடயங்களை வீணாக்குவார்.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். பிறகுதான் நினைவு வந்தது. குப்பை என்று சொல்லி என் தவளைகள் அத்தனையையும் போன வாரம் மச்சானிடமே சும்மா கொடுத்துவிட்டேன்.

வேண்டாம் என்று அவர் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.