கை கழுவ வந்த வங்கிக்காரர்கள்

மணிலா, ஜூன் 3

அன்புள்ள பெர்பெத்துவா,

நலமா? எனக்கு இருமல் விடவில்லை. நிதி அமைச்சகத்தில் ஏசியைக் குறைக்கச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரம் இல்லையாம்.

ஒரு உதவி. எல்லோருக்கும் மருத்துவம் என்று சட்டம் போட்டோம் அல்லவா? அதற்குக் கடன் தரும் வங்கியின் குழு இருபத்தொன்றாம் தேதி நீ டாக்டராக இருக்கும் தீவுக்கு வருகிறது. பிரசவ நிலையம் இரவு பகலாக இயங்குவதை அவர்கள் பார்த்தால்தான் அடுத்த தவணை. அந்த ஒரு நாள் மட்டும் இயங்கட்டும். மேயரிடம் பேசிவிட்டேன். இந்தக் கடனைப் பேசி முடித்தவன் நான். என் மானம் உன் கையில்.

கிரிசாந்தோ

•

சான் எலாதியோ, ஜூன் 7

அன்புள்ள கிரிசாந்தோ,

பிரிந்து ஆறு வருஷம் கழித்து உன் மானத்தை என் கையில் கொடுக்கிறாய். சேர்ந்திருந்தபோது வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்ததில்லை.

உன் பிரசவ நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று. வாசலில் மேயர் ஃபகுந்தோ பல்லைக் காட்டும் பேனர், கட்டடத்தைவிடப் பெரிசு. உள்ளே குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. இரவு மருத்துவச்சி வேலைக்கு நாற்காலி உண்டு, ஆள் கிடையாது. போன மாதம் லூசிங் என்ற பெண்ணுக்கு இரவில் வலி எடுத்து, பெரிய தீவுக்குப் படகில் கொண்டுபோகும்போது நடுக்கடலில் குழந்தை பிறந்தது. பிழைக்கவில்லை.

மேயரின் ஏற்பாடுகள் பிரமாதம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு மருத்துவச்சி இரவல். கர்ப்பிணிகள் இரண்டு பேரும் இரவல். விருந்தாளியைச் சாப்பிடாமல் நகரவிடாத ஊர் இது; அவரோ அதை ஆட்சிமுறையாகவே ஆக்கிவிட்டார். குழு திரும்பும் இரண்டு மணிப் படகு வரை ஊட்டிக்கொண்டே இருந்தால் யார் எதைப் பார்ப்பார்கள்?

நான் பொய் சொல்ல மாட்டேன். சமையலுக்கு மட்டும் உதவுகிறேன்.

நம் நாட்டில் விவாகரத்து இல்லாத பாவத்துக்கு இன்னும் உன் மனைவி,
பெர்பெத்துவா

•

சான் எலாதியோ, ஜூன் 22

அன்புள்ள கிரிசாந்தோ,

யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

விருந்தை ஊர் மண்டபத்தில் வைக்காமல், பிரசவ நிலையத்தில், ‘உங்கள் பேனர் பக்கத்திலேயே வைக்கலாமே’ என்று மேயரிடம் யோசனை சொன்னேன். மனுஷர் பூரித்துப் போனார். நீள மேஜையில் வாழையிலை பரப்பி, சோறு குவித்து, முழுப் பன்றியை வாட்டி வைத்து, எல்லோரும் கையாலேயே சாப்பிடும் நம் விருந்து. வங்கிக்காரர்களுக்கு ஒரே குஷி. குழுத்தலைவி, டென்மார்க்கு அம்மாள், முழங்கை வரை கொழுப்பு வழியத் தின்றாள். நானும் குறைவைக்கவில்லை, என் பாவாடைக் கொக்கி சாட்சி.

அப்புறம் கை கழுவ எழுந்தாள்.

முதல் குழாயில் காற்று வந்தது. பின்னாலேயே இன்னும் ஐந்து பேர் பிசுக்குக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் குழாய் தேடிப் போனார்கள். பிரசவ அறை, மருந்தறை, பூட்டிக் கிடந்த இரவுப்பணி அறை, ஒன்றையும் விடவில்லை. மேயர் டிரம்மில் நிரப்பி வைத்திருந்த தண்ணீரைப் பன்றி கழுவவே சமையற்காரர்கள் தீர்த்துவிட்டார்களாம்.

அந்த அம்மாள் என் முன் வந்து நின்றாள். "பிரசவம் பார்த்தா நீங்க எங்க கை கழுவுவீங்க, டாக்டர்?"

"அதைக் காட்டத்தாங்க சாப்பிடக் கூப்பிட்டோம்."

மேயர் இன்னும் என்னோடு பேசவில்லை. உன் மானத்துக்கு என்ன ஆனதோ தெரியாது. எனக்கு வருத்தமில்லை.

பெர்பெத்துவா

•

மணிலா, ஜூலை 4

அன்புள்ள பெப்பா,

தவணையை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரும் இரவு மருத்துவச்சியும் வந்தபிறகுதான் அடுத்த பேச்சாம். மேலிடத்தில் கத்தாத ஆள் இல்லை.

என்னைக் கூப்பிட்டு, நீ என்மேல் உள்ள கோபத்தில்தான் இப்படிச் செய்தாய் என்று எழுதித் தரச் சொன்னார்கள். பிரிந்த மனைவியின் பழிவாங்கல் என்றால் குழுவின் அறிக்கையைத் தள்ளிவைத்துவிடலாமாம். நான் எழுதவில்லை. லூசிங்கைப் பற்றி நீ எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். இடமிருக்குமா?

கிரிசாந்தோ

•

சான் எலாதியோ, ஜூலை 9

அன்புள்ள கிரிசாந்தோ,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கண்ணாடி சரியில்லை என்று வைத்துக்கொள்.

இங்கே குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். எங்களால் தவணை நின்றுபோன மற்ற ஊர் மேயர்கள் போனில் வைத வசவு அப்படி. பள்ளத்தின் பக்கத்திலும் ஒரு பேனர் வந்தாயிற்று. மருத்துவச்சிதான் வரவில்லை. அதுவரை இரவில் நானே அங்கே படுக்கிறேன். என் குறட்டைக்கே ஊர் விழித்திருக்கிறது. மேயர் என்னை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறார். மாற்றல் வந்தாலும் நான் நகர்வதாயில்லை.

வேலையை விடாதே. நீ எழுந்தால் அந்த நாற்காலியில் எதை வேண்டுமானாலும் எழுதித் தருகிறவன் வந்து உட்காருவான். அடுத்த தவணைக்கு எங்கள் இரவு மருத்துவச்சியின் சம்பளத்தை நிபந்தனையாகப் போட அங்கே ஒரு ஆள் வேண்டும். கத்துகிறவர்கள் கத்தட்டும், நீ இருமிக்கொண்டே உட்கார்.

சனிக்கிழமைப் படகில் வா. திங்கட்கிழமைப் படகில் நானே உன்னை ஏற்றிவிடுவேன், நீ அழுதாலும்.

பெப்பா