பாலத்தால் நடந்து வந்தேன், மாமி

பெரியமடு
06.02.2012

மதிப்புக்குரிய மாமிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நாலு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து ஒரு மாதமாகியும் எனக்குப் பால் போதவில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் நிறை குறைவென்றே எழுதினார்கள். உங்கள் மகனோ கட்டாரில். அப்போதுதான் மன்னார் பஸ் கொண்டக்டர் செல்வநாயகம் அண்ணை மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டியொன்றை இறக்கித் தந்தார். உள்ளே ஐஸில், பால் சுரக்கக் கொடுக்கும் பால்சுறா. ஆர் தந்ததென்று கேட்டால், "சொல்லக் கூடாதெண்டவ" என்று சிரித்தார். நாலாவது பெட்டியோடு அவருக்கு வாய் நிற்கவில்லை: "ஓலைத்தொடுவாய் றஞ்சிதம் அக்காதான். ஆனா நான் சொல்லேல்ல."

பால் வந்தது, மாமி. டிலக்சனா இப்போது ஆறரைக் கிலோ.

நன்றியை நேரில் சொல்லத்தான் போன சனிக்கிழமை பிள்ளையோடு புறப்பட்டேன். பஸ்ஸில் வந்தால் மன்னார்த் தீவுப் பாலம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். உங்களிடம் என்ன கதைப்பதென்று யோசிக்க அது போதாது. பாலத்துக்கு இந்தப் பக்கம், தள்ளாடிச் சந்தியில் இறங்கி நடந்தேன். எல்லாரும் பார்க்க வரும் பாலத்தை நான் அன்றுதான் கண்டேன். பக்கத்தில் பழைய பாலத்தின் முறிந்த இரும்பு. அப்பால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள். நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், "தங்கச்சி, பஸ் ஓடுதெல்லோ?" என்றார்.

"பாலம் பாக்க வந்தனான், அண்ணை."

"பாத்தாச்செண்டா போங்கோ. அது எங்கயும் ஓடாது. பிள்ளைதான் தும்முது."

மன்னார்க் கரையில் கால் வைத்ததும் தைரியம் போய்விட்டது. எங்கள் கலியாணப் பதிவன்று கந்தோர் வாசலில், "என்ர செத்தவீட்டுக்கும் நீ வரக்கூடாது" என்றீர்களே, அதுதான் காதில் கேட்டது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஆனாலும் மாமி, உங்கள் பேத்தி உங்கள் தயவில் வளர்கிறாள். அதை நான் மறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சுபத்திரா

இயேசு மரி சூசை
ஓலைத்தொடுவாய்
10.02.2012

சுபத்திராவுக்கு,

கடிதம் கிடைச்சது. நன்றியெல்லாம் வேண்டாம். அஞ்சு மாதப் பிள்ளையை வாடைக் காத்துக்குள்ளால தூக்கிக்கொண்டு நடக்க உனக்கென்ன விசரோ? படிச்ச பிள்ளையெல்லோ நீ?

ஒண்டு கேக்கிறன், உண்மை சொல்லு. முதல் பெட்டி வந்தது வெள்ளிக்கிழமை. உங்கட வீட்டில அண்டைக்கு மச்சம் மாமிசம் புழங்கமாட்டியளே. எறிஞ்சனியளோ?

றஞ்சிதம்

பெரியமடு
15.02.2012

அன்புள்ள மாமி,

எறியவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி வைத்தார். முகாமில் இருந்த நாட்களிலும் வெள்ளிக்கிழமை விரதத்தை விடாதவர். "நாளைக்குச் சமைப்பம், அம்மா" என்றேன்.

"நாளைவரைக்கும் பிள்ளை பசி கிடக்குமோ?"

வெளியே மூன்று கல் வைத்து, புதுச் சட்டி ஏற்றி, உள்ளி நிறையப் போட்டு அவரே சுறா வறுத்தார். எனக்குத் தன் கையால் தீத்திவிட்டு, தலை முழுகிவந்து சாமிக்கு விளக்கேற்றினார். மன்னாரிலிருந்து வந்ததென்றதும் அவர் அன்றே உங்களைத்தான் நினைத்தார்; நான்தான் நம்பவில்லை. "உன்ர மாமிக்கு நாள் நினைவிருந்திராது. மனசார அனுப்பியிருக்கிறா, பிள்ளை. அதை எறியக் கூடாது" என்றார்.

அம்மா உங்களைச் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
சுபத்திரா

இயேசு மரி சூசை
ஓலைத்தொடுவாய்
23.02.2012

மகள் சுபத்திரா,

எனக்கு நாள் நினைவிருந்தது.

பிள்ளைக்குப் பால் இல்லையெண்டு கட்டாரில இருந்து என்ர மகன் றொசாந்தன் போனில அழுதவன். மனம் கேக்காமல் வியாழக்கிழமை சுறா வாங்கினன். வாங்கிப்போட்டு, வெள்ளி விடியுமட்டும் ஐஸில வச்சுப் பொறுத்தனான். நீங்கள் எறிஞ்சா, "பாத்தியோ உன்ர பெண்சாதி வீட்டை" எண்டு அவனுக்குச் சொல்லலாம் எண்டு. ஆனா அந்தப் பெட்டி கழுவித் துடைச்சு, உள்ள உங்கட கத்தரிக்காயோட அதே பஸ்ஸில திரும்பி வந்தது. பிறகு அனுப்பினதெல்லாம் நல்ல மனசோடதான். ஆனா முதல் பெட்டி அப்பிடியில்லை.

நேற்று விபூதிப் புதன். பாவசங்கீர்த்தனத்தில சொன்னன். "எனக்குச் சொன்னாப் போதாது, றஞ்சிதம்" எண்டார் சாமியார்.

வாற ஞாயிறு பூசை முடிய பஸ் எடுத்து வாறன். வந்த உடன பிள்ளையை என்ர கையில தந்துபோடாதே. முதல் உன்ர அம்மாவோட நான் தனிய இருந்து கதைக்கவேணும். அவ தூக்கச் சொன்னாத் தூக்கிறன்.

மாமி